ஏறுமா, இறங்குமா: விடை பிசகும்போது எங்கெங்கே பார்ப்பது

தக்கலைப் பக்கம் வீட்டு வராந்தாவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்ற பாடத்தில், ஒரு சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்கிற கணக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் ஒரே புகார்தான். "சாரே, வகையிட்டது சரி, காரணிப்படுத்தினதும் சரி. விடை மட்டும் ஒக்க மாட்டேங்குது." நோட்டை வாங்கிப் பார்த்தால் பிள்ளை சொன்னது உண்மையாக இருக்கும். வகையிடலில் தப்பு இருக்காது. அதற்குப் பிறகு வரும் நாலு வரியில்தான் எங்கோ பிசகியிருக்கும்.

அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பத் திருத்தியதில் சேர்ந்த குறிப்புகள் இவை. உங்கள் நோட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் லேசான காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், கடினமானது கடைசியில். வகுப்பில் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன்: எக்ஸ், எஃப், எஃப் டேஷ் என்று. எஃப் என்பது சார்பு, எஃப் டேஷ் என்பது அதை வகையிட்டால் கிடைப்பது. எஃப் டேஷ் பிளஸாக இருக்கிற இடத்தில் எஃப் ஏறும், மைனஸாக இருக்கிற இடத்தில் இறங்கும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் கையில் ஒரு எண்கோடு வேண்டும். ஒரு நீளக் கோடு இழுத்து அதில் மூன்று வகை இடங்களைக் குறியுங்கள். எஃப் டேஷ் பூஜ்யமாகிற இடம், எஃப் டேஷ் கிடைக்காத இடம், சார்பகம் (சார்பு செல்லுபடியாகிற எக்ஸ் மதிப்புகள்) முடிகிற அல்லது அறுந்துபோகிற இடம். இந்தக் கோடு இல்லாமல் விடை எழுதிய நோட்டை நான் திருத்துவதில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். பாதிப் பேர் கோடு போடும்போதே தப்பைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

## கோளாறு: எங்கே சோதித்தாலும் பிளஸ்தான் வருகிறது

எஃப் = 2எக்ஸ்³ − 9எக்ஸ்² + 12எக்ஸ் + 5 என்ற கணக்கை எடுங்கள். எஃப் டேஷ் = 6(எக்ஸ் − 1)(எக்ஸ் − 2). கோட்டில் 1, 2 என இரண்டு புள்ளிகள், மூன்று துண்டுகள். பிள்ளை 0, 1.5, 3 என்று மூன்று எண்களைச் சோதிக்கிறான். 5, 9.5, 14 என்று வருகிறது. மூன்றும் பிளஸ். "எல்லா இடத்திலும் ஏறும்" என்று எழுதிவிடுகிறான்.

முதலில் பார்க்க வேண்டியது: எண்ணை எதில் போட்டீர்கள்? மேலே வந்த மூன்றும் எஃப்-இல் போட்டு வந்தவை. போட வேண்டியது எஃப் டேஷ்-இல். 1.5-ஐ அதில் போட்டால் 6 × 0.5 × (−0.5), அதாவது −1.5. நடுத்துண்டு இறங்குகிறது.

இந்தத் தப்பு அவசரத்தில் மட்டும் வருவதில்லை. எஃப் என்பது எவ்வளவு இருக்கிறது, எஃப் டேஷ் என்பது எந்தப் பக்கம் போகிறது. இந்த இரண்டும் மனதில் ஒட்டிக்கிடக்கிற பிள்ளைக்கு எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி வரும். அதற்கு நான் பேப்பரில் வரும் அணை நீர்மட்டத்தைக் காட்டுவேன். பேச்சிப்பாறையின் மொத்த மட்டம் 48 அடி. இன்றைக்கு 45 அடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர்தான். ஆனால் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு மடை திறந்தாயிற்று, மலையில் மழை இல்லை என்றால் அந்த 45 அடியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். 45 என்பது எஃப். உள்ளே வருகிற தண்ணீரில் வெளியே போகிற தண்ணீரைக் கழித்தால் கிடைப்பது எஃப் டேஷ் போல. மட்டம் ஏறுகிறதா என்று கேட்டால் அணையில் எத்தனை அடி நிற்கிறது என்று யாராவது பதில் சொல்வார்களா? வரத்தையும் போக்கையும்தானே பார்ப்போம்.

சரிபார்ப்பு: துண்டின் இரண்டு முனைகளின் எஃப் மதிப்பைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ் 1 ஆகும்போது 10, 2 ஆகும்போது 9. பத்திலிருந்து ஒன்பதுக்கு வந்திருக்கிறது, ஆகவே நடுவில் இறக்கம் என்பது ஒத்துப்போகிறது. எஃப்-இல் எண் போடுவதற்கு இதுதான் சரியான இடம்.

## கோளாறு: விடை அப்படியே தலைகீழ்

ஏறும் இடம் எல்லாம் இறங்குவதாகவும், இறங்கும் இடம் ஏறுவதாகவும் வந்தால் சந்தோஷப்படுங்கள். புள்ளிகள் சரி, ஒரு குறி மட்டும்தான் பிசகு.

லேசான காரணம், அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த மைனஸ் உள்ளே போகும்போது ஒரு உறுப்பை மட்டும் தொட்டுவிட்டு நின்றிருக்கும். அது இல்லையென்றால், சமனிலியை மைனஸ் எண்ணால் வகுத்துவிட்டுக் குறியைத் திருப்பாமல் விட்டிருப்பீர்கள்.

மூன்றாவது காரணம் குறுக்குவழியால் வருவது. வலது ஓரத் துண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிளஸ் போடு, பிறகு மைனஸ், பிளஸ் என்று மாற்றிக்கொண்டே வா என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 12எக்ஸ் − எக்ஸ்³ என்ற சார்பில் அதைச் செய்து பாருங்கள். எஃப் டேஷ் = 12 − 3எக்ஸ்², புள்ளிகள் −2, 2. வலது ஓரத்தில் 10 போட்டால் 12 − 300, சுத்தமாக மைனஸ். குறுக்குவழி சொன்ன பிளஸ் அங்கே இல்லை. உயர்ந்த அடுக்கின் கெழு மைனஸாக இருந்தால் அந்த வழி கவிழ்ந்துவிடும். ஒரு துண்டிலாவது எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குக் குறி போட வேண்டும். மாற்றி மாற்றிப் போடுவதும் எப்போதும் சரியாகாது. அது ஏன் என்பது கீழே, மேடும் இல்லை பள்ளமும் இல்லை என்ற தலைப்பில் வருகிறது.

## கோளாறு: புத்தகத்தில் நாலு இடைவெளி, எனக்கு இரண்டோ மூன்றோதான்

ஏதோ ஒரு புள்ளி கோட்டில் விழவில்லை. அது எங்கே தொலைந்தது என்று மூன்று இடங்களில் தேட வேண்டும்.

எக்ஸை அடித்துவிட்டீர்களா? ஒருநாள் சாயங்காலம் ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். கணக்கு எக்ஸ்⁴ − 8எக்ஸ்². எஃப் டேஷ் = 4எக்ஸ்³ − 16எக்ஸ். இதைப் பூஜ்யத்துக்குச் சமமாக வைத்து, இரண்டு பக்கமும் 4எக்ஸால் வகுத்து, எக்ஸ்² = 4 என்று இரண்டு பேருமே எழுதியிருந்தார்கள். கோட்டில் −2-ம் 2-ம் மட்டும். நடுத்துண்டுக்கு ஒருத்தி −1 எடுத்தாள், எஃப் டேஷ் 12, "ஏறும்" என்றாள். பக்கத்தில் இருந்தவன் 1 எடுத்தான், −12, "இறங்கும்" என்றான். இரண்டு பேர் கூட்டலும் பெருக்கலும் சரி. ஒரே துண்டுக்குள் இரண்டு குறி வருகிறது என்றால் நடுவில் ஒரு புள்ளியைத் தொலைத்திருக்கிறோம் என்று அர்த்தம். எக்ஸால் வகுத்தபோது எக்ஸ் = 0 என்ற விடையும் அதோடு போய்விட்டது. வகுக்காமல் 4எக்ஸ்(எக்ஸ் − 2)(எக்ஸ் + 2) என்று காரணிப்படுத்தினால் −2, 0, 2 மூன்றும் நிற்கும், நாலு துண்டும் கிடைக்கும்.

அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் ஒரு துண்டில் இரண்டு எண்களைச் சோதிக்கச் சொல்கிறேன், இரண்டு ஓரத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று. குறி மாறினால் திரும்பிப் போய்த் தேடு.

எஃப் டேஷ் கிடைக்காத இடத்தை விட்டுவிட்டீர்களா? எக்ஸ்²-இன் முப்படிமூலம் என்ற சார்பை வகையிட்டால் கீழே எக்ஸின் முப்படிமூலம் வந்து நிற்கும். தொகுதியில் 2 மட்டும்தான் இருக்கிறது, அது எப்போதும் பூஜ்யமாகாது. "புள்ளியே இல்லை சாரே, முழுக்க ஏறும்" என்பார்கள். எக்ஸ் −8 ஆகும்போது எஃப் 4, பூஜ்யத்தில் 0, 8-இல் மறுபடி 4. இறங்கி ஏறியிருக்கிறது. பூஜ்யத்தில் எஃப் டேஷ் கிடைக்காது, ஆனால் சார்பு அங்கே இருக்கிறது. ஆகவே அது மாறுநிலை எண்தான், கோட்டில் வர வேண்டும். எஃப் டேஷ் பின்னமாக வந்தால் மேலே உள்ளதை ஒரு தடவை, கீழே உள்ளதை ஒரு தடவை பூஜ்யத்துக்குச் சமமாக வையுங்கள்.

முக்கோணவியல் கணக்கா? இது கொஞ்சம் நேரம் பிடிக்கும். சைன் எக்ஸ் + காஸ் எக்ஸ், இடைவெளி 0 முதல் 2பை வரை. எஃப் டேஷ் = காஸ் எக்ஸ் − சைன் எக்ஸ். காஸ் எக்ஸால் வகுத்து டேன் எக்ஸ் = 1 என்று எழுதியதும் கை தானாகவே பை/4 என்று போட்டுவிட்டு நின்றுவிடும். மூன்றாம் கால்பகுதியிலும் டேன் பிளஸ்தான், அங்கே 5பை/4 காத்திருக்கிறது. கொடுத்த இடைவெளியின் கடைசி வரை தேடிவிட்டுத்தான் பேனாவை வைக்க வேண்டும். பை/4 வரை ஏற்றம், 5பை/4 வரை இறக்கம், பிறகு 2பை வரை ஏற்றம். இந்தக் கணக்கில் இரண்டு மூன்று தடவை தடுமாறினால் கோளாறு இந்தப் பாடத்தில் இல்லை, பதினோராம் வகுப்பு முக்கோணவியல் சமன்பாட்டில் இருக்கிறது. அதை உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

## கோளாறு: சார்பே இல்லாத இடத்தில் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறேன்

எக்ஸ் லாக் எக்ஸ் கணக்கில் தவறாமல் வரும். எஃப் டேஷ் = லாக் எக்ஸ் + 1, பூஜ்யமாவது 1/இ-யில், ஏறக்குறைய 0.37. உடனே "மைனஸ் முடிவிலி முதல் 1/இ வரை இறங்கும்" என்று எழுதுகிறார்கள். மைனஸ் எண்ணுக்கு ஏது லாக்? 0 முதல் 1/இ வரைதான் இறக்கம். லாக், வர்க்கமூலம், கீழே எக்ஸ் இருக்கும் பின்னம், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால் வகையிடுவதற்கு முன்னாலேயே கோட்டின் செல்லாத பகுதியை அடித்துவிடுங்கள். வேறு மருந்து வேண்டாம்.

## கோளாறு: இடைவெளிகள் எல்லாம் சரி, ஆனாலும் மார்க் குறைகிறது

இரண்டு துண்டுகளைச் சேர்ப்புக் குறி (∪) போட்டு ஒட்டிவிட்டீர்களா என்று பாருங்கள்.

1/எக்ஸ் என்ற சார்பின் எஃப் டேஷ் = −1/எக்ஸ்². எங்கும் மைனஸ். "பூஜ்யத்தைத் தவிர எல்லா இடத்திலும் சேர்த்து இறங்கும்" என்று எழுதினால் சரி மாதிரியே இருக்கும். −1 போட்டால் −1, 1 போட்டால் 1. எக்ஸ் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, எஃப் கூடியிருக்கிறது. இறங்கும் சார்பு இப்படிச் செய்யாது. இடப்பக்கத் துண்டில் இறங்குகிறது, வலப்பக்கத் துண்டிலும் இறங்குகிறது, இரண்டையும் தாண்டிப் போகும்போது அந்தப் பேச்சு செல்லாது. நடுவே சாலை அறுந்திருக்கிறதே.

எக்ஸ் + 1/எக்ஸ் கணக்கிலும் இதே பொறி உண்டு. −1 முதல் 0 வரை இறக்கம், 0 முதல் 1 வரை இறக்கம். ஒட்டி எழுதினால் −0.5-இல் −2.5, 0.5-இல் 2.5 என்று உங்கள் விடையை அதுவே பொய்யாக்கும்.

சரிபார்ப்பு: ஒட்டிய இரண்டு துண்டுகளிலிருந்தும் ஒவ்வொரு எண்ணை எடுத்து எஃப்-இல் போடுங்கள். வரிசை கெட்டால் ஒட்டியது தப்பு. பாதுகாப்பான பழக்கம், இடைவெளிகளுக்கு நடுவே சேர்ப்புக் குறி போடாமல் "மற்றும்" என்று எழுதுவது.

முனைப்புள்ளிக்குச் சதுர அடைப்பா வளைந்த அடைப்பா என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். எக்ஸ்² பூஜ்யத்தையும் சேர்த்து வலப்பக்கம் திட்டமாக ஏறும் சார்புதான். முனையில் சார்பு அறுந்துபோகாமல் இருந்தால் சேர்க்கலாம், விடலாம். உங்கள் ஆசிரியர் எழுதுகிற முறையை அப்படியே எழுதுங்கள், இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

## கோளாறு: எஃப் டேஷ் பூஜ்யம், ஆனால் மேடும் இல்லை பள்ளமும் இல்லை

எஃப் டேஷ் பூஜ்யம் என்றதும் பெருமம் (மேடு) அல்லது சிறுமம் (பள்ளம்) என்று எழுதிவிடுகிற கை நிறைய உண்டு. எக்ஸ்³-இல் பூஜ்யம் அதற்குப் பிரபலமான உதாரணம். ஆனால் தேர்வில் இவ்வளவு வெளிச்சமாக வராது, கொஞ்சம் ஒளிந்து வரும்.

எக்ஸ்⁴ − 6எக்ஸ்² + 8எக்ஸ். எஃப் டேஷ் = 4(எக்ஸ் − 1)²(எக்ஸ் + 2). புள்ளிகள் −2, 1. மாற்றி மாற்றிக் குறி போடுகிறவர்கள் பிளஸ், மைனஸ், பிளஸ் என்று போட்டு 1-இல் சிறுமம், −2-இல் பெருமம் என்று எழுதுவார்கள். உண்மையில் −2-க்கு இடப்பக்கம் மைனஸ், அதற்கு வலப்பக்கம் முழுக்க பிளஸ். 1-ஐச் சுற்றிப் பாருங்கள்: எக்ஸ் 0 ஆனால் எஃப் 0, 1 ஆனால் 3, 2 ஆனால் 8. ஏறிக்கொண்டே போகிறது, 1-இல் ஒரு நொடி சாய்வு தட்டையாகிறது, அவ்வளவுதான். மாடிப்படியில் நடுவே வரும் தட்டு மாதிரி. தட்டில் கால் வைத்துவிட்டால் மாடி வந்துவிட்டதாக ஆகுமா?

சோதனை: காரணியின் தலையில் இருக்கும் அடுக்கைப் பாருங்கள். ஒற்றைப்படை என்றால் அந்தப் புள்ளியில் குறி மாறும், இரட்டைப்படை என்றால் மாறாது. கோட்டில் இரட்டைப்படைப் புள்ளியை ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டச் சொல்வேன், அங்கே கை குறியை மாற்றாமல் இருக்க.

இதோடு சேர்ந்த கேள்வி: எக்ஸ்³ + கேஎக்ஸ்² + 3எக்ஸ் எப்போதும் ஏற கே என்னவாக இருக்க வேண்டும்? எஃப் டேஷ் = 3எக்ஸ்² + 2கேஎக்ஸ் + 3. தன்மைகாட்டி 4கே² − 36 பூஜ்யமாகவோ அதற்குக் கீழோ இருந்தால் போதும். ஆக, கே −3 முதல் 3 வரை, இரண்டு முனையும் சேர்த்து. முனையை விட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம். கே = 3 என்றால் எஃப் டேஷ் = 3(எக்ஸ் + 1)², ஒரே ஒரு இடத்தில் தட்டையாகி மறுபடி ஏறுகிறது. ஒற்றைப் புள்ளியில் பூஜ்யமானால் ஏற்றம் கெடாது.

## கோளாறு: வரைபடம் கொடுத்த கேள்வி எல்லாம் தப்பு

கணக்கில் புலிகளாக இருக்கிற பிள்ளைகளும் தடுமாறுகிற இடம் இது. எனக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்தான் அதிக நாள் போகிறது, ஆனால் இது பிடிபட்ட பிள்ளைக்கு மேலே சொன்ன கோளாறுகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

முதலில்: படத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது? எஃப் வரைபடமா, எஃப் டேஷ் வரைபடமா? விரலை வைத்துப் படியுங்கள். எஃப் என்றால் கோடு போகிற திசையைப் பார்த்து விடை எழுதிவிடலாம்.

எஃப் டேஷ் என்றால், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பார்க்கக் கூடாது. எக்ஸ் அச்சுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. ஒரு தாளை எடுத்து அச்சுக்குக் கீழே உள்ள பாதியை மறையுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்திலெல்லாம் எஃப் ஏறுகிறது. தாளுக்குள் ஒளிந்த இடத்தில் இறங்குகிறது.

எஃப் டேஷ் பூஜ்யத்தில் 4 என்று தொடங்கி, நேர்கோடாக இறங்கி, எக்ஸ் 4 ஆகும்போது அச்சைத் தொட்டு, பிறகு கீழே போகிறது என்று வைத்துக்கொள்வோம். "முழுக்க இறங்குது சாரே" என்பார்கள். இங்கே மறுபடி அணைக்கு வாருங்கள். ராத்திரி முழுக்க மலையில் கொட்டிய மழை விடிகாலையில் குறையத் தொடங்குகிறது. பேச்சிப்பாறைக்கு வருகிற தண்ணீர் மணிக்கு மணி குறைகிறது. அதனால் நீர்மட்டம் குறையுமா? வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருக்கிற வரைக்கும் மட்டம் ஏறத்தான் செய்யும், மெதுவாக ஏறும். வரத்தும் போக்கும் சமமாகிற அந்த நேரத்தில் மட்டம் உச்சத்தில் நிற்கும், அதற்குப் பிறகுதான் இறங்கும். மழை விட்டதும் வெள்ளம் உடனே வடியாது என்பது ஆற்றோரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? அதையே வரைபடத்தில் பாருங்கள்: எக்ஸ் 4 வரை எஃப் ஏற்றம், 4-இல் பெருமம், பிறகு இறக்கம்.

இன்னும் பிடிபடவில்லை என்றால்: எஃப் டேஷ் படத்துக்கு நேர் கீழே, அதே அளவில் வெறும் அச்சை மட்டும் போடுங்கள். மேல்படம் அச்சை வெட்டுகிற இடத்திலிருந்து செங்குத்தாகப் புள்ளிக்கோடு இறக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் பிளஸ், மைனஸ் எழுதி, அதற்கு ஏற்ப எஃப்-ஐக் கையால் உத்தேசமாக வரையுங்கள். உயரம் சரியாக இருக்க வேண்டியதில்லை, திசை சரியாக இருந்தால் போதும். பத்துப் படம் இப்படி வரைந்தவர்களுக்குப் பிறகு தாள் தேவைப்பட்டதில்லை.

## எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

கோட்டில் புள்ளிகள் சரி, சோதித்த எண் சரி, எஃப் டேஷ்-இல்தான் போட்டீர்கள், அப்படியும் விடை வரவில்லை என்றால் எஃப் டேஷே தப்பாக இருக்கலாம். வகுத்தல் விதியிலும் சங்கிலி விதியிலும் தொடர்ந்து மூன்று கணக்கு பிசகினால் தனியாக மல்லுக்கட்டாதீர்கள், அன்றைக்கே போய்க் கேளுங்கள். முப்படிக் கோவையைக் காரணிப்படுத்த வரவில்லை என்றாலும் அப்படித்தான். அது கீழ் வகுப்பில் விட்டுப்போன பாடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் வந்து இதைக் கேட்பதா என்று கூசிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். கேளுங்கள் மக்களே, சொல்லித் தரத்தானே நாங்கள் இருக்கிறோம்.

போகும்போது ரப்பரால் அழிக்காத நோட்டைக் கொண்டு போங்கள். எண்கோடு, எந்த எண்ணைச் சோதித்தீர்கள், அதற்கு என்ன வந்தது, எல்லாம் அப்படியே இருக்கட்டும். தப்பான வரியின் மேல் ஒற்றைக் கோடு இழுத்திருந்தால் போதும், அடியில் இருப்பது படிக்க முடிய வேண்டும். விடைப் பக்கத்தைப் பார்த்துத் திருத்தி எழுதிய நோட்டை நீட்டினால், பிசகு எங்கே இருந்தது என்று எனக்கும் கண்டுபிடிக்க முடியாது.